கிளட்ச் மிதியாமல் கியர் மாற்றுதல்

மோட்டார் வண்டி ஓட்டப் பழகுவோர்க்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடம், கியரை மாற்றுமுன் கிளட்சை மிதிக்க வேண்டும் என்பதாகும். ஆயினும், ஓடும் வண்டியில் கிளட்சை மிதியாமலே கியரை மாற்ற இயலும். வழியில் கிளட்ச் கம்பி அறுந்துவிடின், வண்டியைப் பட்டறைவரை கொண்டு சேர்க்க இம்முறை உதவும். இஃது எவ்வாறு இயலும்? இயலுமெனின், கிளட்ச் எதற்கு?

எஞ்சின் சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு ஆற்றல் உண்டு. நிற்கும் வண்டியின் சக்கரங்களோ அசைவற்றவை. சுழல்வதையும் நிற்பதையும் திடீரெனப் பிணைத்தால் எஞ்சின் அணைந்துவிடும். இரண்டையும் சிறிது சிறிதாக உரசவிட்டு ஒன்றுசேர்ப்பதே கிளட்சின் தலையாய பணி. வண்டி ஓடும்போது, கியர் மாற்றும் நேரத்தில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரித்து வைப்பது அதன் இரண்டாம் பணி. இவ்விரண்டாம் பணிக்கு மட்டுமே மாற்றுவழி உண்டு.

பிரெஞ்சு நாட்டு எமில் லெவசார் 1891-ஆம் ஆண்டில், முன்புறம் எஞ்சினும் அதன்பின் கிளட்சும் நகரும் பற்சக்கரங்களும் உடைய வண்டியை அமைத்தார். அத்தகைய பெட்டியில் வேகம் பொருந்தாத பற்கள் மோதின், நறநறவென அரைபடும். ஆகவே பழைய ஓட்டுநர்கள் எஞ்சினின் ஒலியைக் கேட்டே வேகத்தைப் பொருத்தக் கற்றனர். 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பைப் புகுத்தியது. கியர் கோக்குமுன், உராய்வினால் வேகங்களைச் சமப்படுத்தும் ஏற்பாடு இது. இன்றைய கார்களில் சிறு வளையங்கள் இவ்வேலையைச் செய்கின்றன.

வேகம் பொருந்துதல் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மூன்றாம் கியரில் எஞ்சின் மூன்று சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு இரண்டு சுற்றும், நான்காம் கியரில் ஒன்றுக்கு ஒன்றும் சுழல்வதாகக் கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுகையில், வெளித்தண்டு 2,000 சுற்றுச் சுற்றும். அதே வேகத்தில் நான்காம் கியர் விழ வேண்டுமானால், எஞ்சின் 2,000 சுற்றுக்கு இறங்க வேண்டும்.

இதற்கு ஓட்டுநர் வேகமிதியைச் சற்றே தளர்த்த வேண்டும். எஞ்சின் வண்டியை இழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற நிலை வரும்போது, பற்களின்மீதுள்ள அழுத்தம் நீங்கும். கியர் கம்பு விரலசைவில் நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் 2,000 சுற்றுக்குத் தணியுமட்டும் பொறுத்துக் கம்பை மெல்லத் தள்ளினால், நான்காம் கியர் விழும். மேலிருந்து கீழே இறங்குவதாயின், நியூட்ரலில் வேகமிதியை அழுத்தி எஞ்சினை 2,000-இலிருந்து 3,000 சுற்றுக்கு உயர்த்த வேண்டும். இதுவே கடினமானது.

சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்ப்பெட்டி கொண்ட அமெரிக்கப் பெருலாரிகளில், தேர்ந்த ஓட்டுநர்கள் இவ்வாறே கியர் மாற்றுவதுண்டு. காரில் இதனைப் பழக்கமாகக் கொள்ளுதல் கூடாது. கிளட்சை மிதித்திருக்கையில், சிறு வளையம் கியர்ப்பெட்டியின் இலேசான உறுப்புகளை மட்டும் வேகம் மாற்றினால் போதும். மிதிக்காதபோது, கணக்குச் சிறிது பிசகினாலும், கனத்த சுழல்சக்கரத்தோடு கூடிய எஞ்சின் முழுவதையும் அதுவே தாங்க வேண்டும். அதனால் வளையம் விரைவில் தேயும். கியர்ப்பெட்டியைப் பிரித்தே அதனை மாற்ற வேண்டும்.

இதனினும் பெரிய இடர் மலைச்சாலையில் உண்டு. கேமரன் மலை போன்ற இடங்களிலிருந்து இறங்குகையில், தாழ்ந்த கியரே வண்டியைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரலுக்கு வந்த பின் கியர் விழாமற்போனால், அப்பிடிப்பு அற்றுப்போகும். பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். ஆதலால் கம்பி அறுந்த வண்டியை இறக்கத்திலும் நெரிசலிலும் ஓட்டாது, ஓரமாய் நிறுத்தி இழுத்துச் செல்வதே அறிவுடைமை. சமதளத்தில், நெரிசலற்ற சாலையில், பட்டறை அருகிலிருந்தால் மட்டுமே இம்முறையை நாடலாம்.

கியரை விழச் செய்வது வேகங்களின் பொருத்தமேயன்றிக் கையின் வலிமையன்று. இதனை உணர்ந்த ஓட்டுநர், கிளட்ச் உள்ள வண்டியிலும் கம்பை முரட்டுத்தனமாக இழுக்கமாட்டார்.