குருதியில் வைட்டமின் டி அளவும் மரபணு வேறுபாடும்: நாஞ்சில் நாட்டுச் சூழலை முன்வைத்து

வட அகலக்கோடு எட்டுப் பாகையை ஒட்டி அமைந்த குமரி மாவட்டத்தில், தோலில் வைட்டமின் டி உருவாவதற்குப் போதிய புறஊதா-பி கதிர் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. அச்சத்துள்ள சாளையும் அயிலையும் இங்கு அன்றாட உணவு. எனினும், தோவாளை வயலில் நிற்பவருக்கும் விளவங்கோட்டு முந்திரி ஆலைக்குள் பகலைக் கழிக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு வெயில் கிட்டுவதில்லை. ஒரே வெயிலில் நிற்கும் இருவருக்குக்கூட இச்சத்தின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டாம் வேறுபாட்டில் மரபணுவின் பங்கினை இக்கட்டுரை விளக்குகிறது.

தோலிலுள்ள 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் கதிர்பட்டு வைட்டமின் டி ஆகிறது. அம்மூலப்பொருளைக் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடும் நொதியை டிஎச்சிஆர்7 மரபணு ஆக்குகிறது. அந்நொதி மந்தமாயின் மூலப்பொருள் மிகும். கல்லீரலில் 25-ஹைட்ராக்சி வடிவம் தோன்றுவதற்குச் சிஒய்பி2ஆர்1 மரபணுவும், அதனைச் சிதைப்பதற்குச் சிஒய்பி24ஏ1 மரபணுவும் காரணமாகின்றன. குருதியில் அதனைச் சுமந்து செல்லும் புரதத்தை ஆக்குவது ஜிசி மரபணு. 2010ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இவற்றைச் சுட்டியது. 2018இல் 79,366 பேரிடம் நிகழ்ந்த ஆய்வோ, பொதுவான மரபணு மாறுபாடுகள் இவ்வளவு வேறுபாட்டில் 7.5 விழுக்காட்டையே விளக்குவதாகக் கணித்தது. இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றோர் ஐரோப்பிய மரபினர். ஆகவே அவ்வெண்களை நாஞ்சில் நாட்டு மக்களுக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது.

அளவிடும் கருவியும் மரபணுவுக்குக் கட்டுப்பட்டது என்பது பலர் கவனிக்காத செய்தி. 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை, கறுப்பின அமெரிக்கர்க்கு மொத்த அளவோடு சுமக்கும் புரதமும் குறைவு என்றும், எனவே உடல் பயன்படுத்தும் பகுதி வெள்ளையர்க்கு நிகரானது என்றும் வாதிட்டது. ஆனால் அங்குக் கையாளப்பட்ட ஒற்றை எதிர்ப்பொருள் சோதனை, ஆப்பிரிக்க மரபினரிடம் மிகுந்து காணப்படும் ஜிசி-1எஃப் வகைப் புரதத்தைக் குறைத்துக் காட்டியது. பின்னர் நிறைநிரல் முறையில் அளந்தபோது அப்புரத வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. இனங்களுக்கிடையே அளவுகளை ஒப்பிடும் எந்த ஆய்வேட்டிலும் முதலில் வினவத்தக்கது சோதனை முறையே.

மரபணுவுக்கு அப்பாலும் காரணங்கள் வலுவானவை. திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் குழுவினர் நிகழ்த்திய ஆய்வுகளில், கிராமத்தாரின் அளவு நகரத்தாரினதைவிட மிகுந்திருந்தது. ஆயினும் வெயிலில் உழைத்தோரிடமும் குறைபாடு காணப்பட்டது. கால்சியம் குன்றி, ஃபைட்டேட் மிகுந்த தானிய உணவை அவர்கள் சுட்டினர். கால்சியம் குறைந்தால் 25-ஹைட்ராக்சி வடிவம் விரைந்து செலவழியும்.

ஒரே மரபணுவின் பழுது முழுக் காரணமாகும் நிலையும் உண்டு, அது அரிது. சிறுநீரகத்தில் செயல்வடிவத்தை ஆக்கும் சிஒய்பி27பி1 மரபணுவின் இரு படிகளும் பழுதுற்றால் குழந்தைக்கு என்புருக்கம் வரும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இரு பெற்றோரும் ஒரே பழுதினைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். அக்குழந்தைக்கு வெயிலும் மீனும் வழக்கமான மாத்திரையும் பயன்தரா; கால்சிட்ரியால் என்னும் செயல்வடிவத்தையே கொடுத்தாக வேண்டும்.