படிகத்துக்கும் மோப்பம் உண்டு

சம்பாவுக்கு மேலுரம் போட்டதும் உரத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். தேங்கிய நீரில் கரைந்து அது அம்மோனியமாகிறது. வெயில் ஏறினால் வயல் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். நீரின் காரத்தன்மை கூடும். அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். 2015-லிருந்து வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே வருகிறது என்பீர்கள். வேம்பு மட்டுப்படுத்துவது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. ஆவியாகப் போவதற்கு அது தடையில்லை. திறந்த வயலில் அந்த நெடி பெரும்பாலும் மூக்குக்கு எட்டாது.

அந்த நெடியை உணரக்கூடிய பொருள் ஒன்று தஞ்சாவூரை ஒட்டியே உருவானது. திருமலைசமுத்திரம் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பனின் குழு, துத்தநாக ஆக்சைடு படலங்களை வாயு உணரிகளாக்கி ஆராய்ந்துவருகிறது. துத்தநாக உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டின்மேல் பனிபோல் தெளித்தால், அறுகோண அமைப்புள்ள நுண்படிகங்கள் படலமாகப் படியும். அப்படித் தயாரான படலம் சாதாரண அறை வெப்பநிலையிலேயே அம்மோனியாவைப் பிரித்தறிவதை இக்குழு 2013-இல் வெளியிட்டது.

நடப்பது இதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டி, அதன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மின்தடை உயர்கிறது. அம்மோனியா வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிகிறது, எலக்ட்ரான்கள் படிகத்துக்குத் திரும்புகின்றன, மின்தடை சரிகிறது. வாயு விலகியதும் புது ஆக்சிஜன் வந்து ஒட்ட, மீட்டர் பழைய அளவுக்கு ஏறுகிறது. இந்தத் திரும்புதல்தான் முக்கியம். நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் சோதனைத் தாள் ஒரு தடவைக்கு மேல் உதவாது.

துத்தநாக ஆக்சைடின் இந்தக் குணத்தை ஜப்பானில் செய்யாமா என்பவர் 1962-லேயே காட்டிவிட்டார். ஆனால் படலத்தைச் சில நூறு டிகிரி சூடாக்க வேண்டியிருந்தது. வரப்பில் பேட்டரியை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட முடியுமா? அறை வெப்பநிலை என்ற சொல்லின் மதிப்பு அங்கேதான். தஞ்சாவூர்ச் சித்திரையில் அந்த அறை எவ்வளவு கொதிக்கும் என்பது தனிக்கதை.

வாயுவோடு வேலைசெய்யும் படிகம் வேறு வகையிலும் உண்டு. 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது, உலோக-கரிமச் சட்டகப் படிகங்களுக்காக. அவை வாயுவை உடலுக்குள்ளேயே வாங்கி வெளியே விடும். சில வகைகள் அதற்கேற்ப விரிந்து சுருங்கும். சாஸ்த்ரா படலத்துக்கு வேலை மேற்பரப்பில் மட்டும். அந்த எளிமைதான் அதன் பலம் என்று எனக்குப் படுகிறது: துத்தநாகம் மலிவு, தெளிக்கும் முறையும் மலிவு.

சிக்கல் ஈரப்பதம். நீராவியும் அதே மேற்பரப்பில் இடம் பிடிக்கப் போட்டியிடும். ஆய்வகத்தில் அதைக் கட்டுப்படுத்தலாம், டெல்டாவின் ஐப்பசியில் முடியாது. அந்த அடைமழையில் ஒரு வாரம் வரப்பில் கிடந்தும் பழைய அளவுக்குத் திரும்பும் படலம் கிடைத்தால், மேலுரத்தைக் காலையில் போடுவதா, வெயில் தாழ்ந்தா என்ற பேச்சுக்கு எண் வைத்தே பதில் சொல்லலாம்.