கதவைத் தட்டுவது யார்?



காலை பத்து மணி. கணவர் திகன பஜாரில், பிள்ளைகள் பாடசாலையில். வீட்டில் நீங்களும் வயதான மாமியும் மட்டுமே. கதவு தட்டப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவர், கையில் கடிதத்துடன், குமரைக் கரைசேர்க்க உதவி கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

இல்லையென்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் ஈகை வேறு, கதவைத் திறந்துவிடுவது வேறு. யன்னலூடாகவே பேசுங்கள். கடிதத்திலுள்ள இலக்கத்தை நம்பாமல், உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூலம் விசாரியுங்கள். கொடுப்பதையும் அவர்கள் மூலமே கொடுங்கள். உண்மையானவர் கோபிக்கமாட்டார்.

மின்மானி பார்க்க வந்தேன் என்பவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். ஆட்சேர்த்தால் பணம் இரட்டிப்பாகும் என்போரிடம் ஏமாறாதீர்கள். இத்தகைய பிரமிட் திட்டங்களை இலங்கை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, பிரசாரம் செய்வதும் குற்றமே. மச்சியையும் சாச்சியையும் சேர்த்துவிடப் போய் நீங்களே சிக்கிக்கொள்ளாதீர்கள்.

2018 மார்ச்சில் திகன கண்ட வன்செயல்களின் பின், அந்நியரைக் கண்டால் மனம் பதறுவது இயல்பே. என்றாலும் வந்தவர் எவ்வினத்தவராயினும் மரியாதையாகப் பேசியே அனுப்புங்கள். அவர் போக மறுத்தால் அயல்வீட்டாரைக் கூப்பிடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுமாறு அந்நூர் அத்தியாயத்தின் 28ஆம் வசனம் வந்தவருக்கே கட்டளையிடுகிறது. ஆகவே, மறுப்பதில் வெட்கமென்ன சகோதரியே?