எரிந்துபோன அறைக்குள் போகலாம், வாருங்கள்!

தீயில் எரிந்து சாம்பலான ஓர் அரண்மனை அறையை இன்றைக்கும் எட்டிப் பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா?

ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் அல்காசர் என்றோர் அரண்மனை இருந்தது. மன்னர் நான்காம் பிலிப் அங்கே வாழ்ந்தார். அவருடைய அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ், 1656-ல் அங்கிருந்த ஓர் அறையை அப்படியே ஓவியமாக்கினார். அதுதான் 'லாஸ் மெனினாஸ்'. பணிப்பெண்கள் என்று பொருள். உயரம் 318 செ.மீ., அகலம் 276 செ.மீ. உங்கள் வகுப்பறைச் சுவர் உயரத்துக்கு இருக்கும்! நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா நிற்கிறாள். முன்னால் ஒரு பெரிய நாய் கண்மூடிப் படுத்திருக்கிறது. பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள்.

அந்தக் கண்ணாடிக்கு மேலே பாருங்கள். நிழலுக்குள் இரண்டு பெரிய படங்கள் தொங்குகின்றன. அவை நகல்கள்! வெலாஸ்கெஸின் மருமகன் மாசோவும் ஓர் ஓவியர். வேறு ஓவியர்களின் படங்களைப் பார்த்து அவர் கையால் வரைந்தவை அவை. பிற்பாடு 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்துக்கே ஒரு சிறிய நகல் பிறந்தது. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் லேசி என்ற மாளிகையில் இருக்கும் அதை வரைந்தவரும் மாசோதான் என்று பலர் கருதுகிறார்கள்.

இவ்வளவு பெரிய படத்தை அளவு பிசகாமல் சின்னதாக்குவது எப்படி? ஓவியர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி ஒன்று உண்டு: கட்டம் போட்டு வரைதல். மூலப் படத்தில் 20 செ.மீ. கட்டங்கள் என்றால் நகலில் 10 செ.மீ. கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். 'இது மூக்கு, இது கண்' என்று மனம் அவசரப்படாது. கண் உள்ளதை உள்ளபடி அளக்கும். இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். நாலு கிண்ணம் வண்ணம் பிடித்த படத்துக்கு ஒரு கிண்ணமே போதும்!

அளவு சரியாக வந்தாலும் வேலை முடியாது. இளவரசியின் சட்டைக் கையைக் கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் தூரிகைத் தீற்றல்கள்தான் தெரியும். வெள்ளையில் ஓர் இழுப்பு, சாம்பலில் ஓர் இழுப்பு, சிவப்பில் சின்னப் பொட்டு. நாலடி பின்னால் வந்தால் அவையே பளபளக்கும் பட்டுத் துணியாகிவிடும்! சிறுசிறு தீற்றல்களைக் கண் ஒன்றாகச் சேர்க்கிறது. மிச்சத்தை மூளை நிரப்புகிறது. அதனால் நகல் எடுப்பவர் ஒரு தீற்றல் வைப்பார், பின்னால் போய்ப் பார்ப்பார், மறுபடி முன்னால் வருவார். நாள் முழுக்க இந்த நடைதான்.

அடுத்தது பொறுமை. எண்ணெய் வண்ணம் ஈரத்துணிபோல் உலர்வதில்லை. துணி காய்ந்தால் நீர் ஆவியாகி எடை குறையும். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து மீன்வலைபோல் பின்னிக்கொள்ளும். அப்படி இறுகும்போது எடை சற்றே கூடும்! ஒரு படலம் இறுகவே சில நாள் ஆகலாம். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் இப்படி இறுகாது. பெரியவர்கள் துணையோடு, ஒரு கண்ணாடித் துண்டில் இரண்டையும் ஒவ்வொரு சொட்டு தடவி வைத்து, தினமும் தொட்டுப் பாருங்கள்.

படத்தைக் காக்க மேலே பூசும் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும். 1984-ல் 'லாஸ் மெனினாஸ்' மேலிருந்த பழைய வார்னிஷை நீக்கினார்கள். வெள்ளியும் சாம்பலும் பளிச்சென்று வெளிவந்தன. அதற்குமுன் மஞ்சளேறிய படத்தைப் பார்த்து நகல் எடுத்தவர்கள், அந்த மஞ்சளையும் சேர்த்தே பார்த்திருப்பார்கள் இல்லையா? ஒரு பழைய நகல், அது பிறந்த நாளில் மூலப் படம் எப்படித் தெரிந்தது என்றும் சொல்லிவிடும்.

1734 டிசம்பர் 24 இரவு அல்காசர் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் கருகின. 'லாஸ் மெனினாஸ்' தப்பியது. இப்போது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெலாஸ்கெஸ் 1627-ல் வரைந்து பரிசு வென்ற இன்னொரு படம் தப்பவில்லை. அது எப்படி இருந்தது என்று ஒருவர் எழுதிவைத்த வரிகள் மட்டுமே மிச்சம். யாராவது உட்கார்ந்து ஒரு நகல் எடுத்து வேறு ஊரில் வைத்திருந்தால், இன்று நாம் அதைக் கண்ணால் பார்த்திருப்போம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டி வீட்டில் பழைய புகைப்படம் இருக்கும். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் கட்டம் போடுங்கள். நோட்டில் இரண்டு மடங்கு பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக வரையுங்கள். இத்தனை நாள் உங்கள் கண்ணில் படாத ஏதோ ஒன்று அந்தப் படத்தில் நிச்சயம் தட்டுப்படும். அது என்னவென்று எங்களுக்கு எழுதுங்கள்!