மொழிபெயர் தேயத்தில் செட்டிநாடு கண்டதும் காணாததும்

வேங்கட மலைக்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கச் சான்றோர் ‘மொழிபெயர் தேயம்’ என்றனர். தமிழ் முடிந்து வேற்றுமொழி தொடங்கும் நாடு என்பது அதன் பொருள். பொருள்வயிற் பிரிவைப் பாடும் அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எம்மை ஓர் ஐயம் தொடர்ந்து வருவதுண்டு. தலைவன் கடந்து செல்லும் பாலைவழியின் வெம்மை விரிவாகப் பேசப்படுகிறது. வீட்டில் சுவரில் கோடிட்டு நாள் எண்ணும் தலைவியின் துயரமும் பேசப்படுகிறது. ஆனால், அவன் போய்ச் சேர்ந்த ஊர் எத்தகையது, அவ்வூரார் அவனை எவ்வாறு நோக்கினர் என்பதைப் பாட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. பொருள் ஈட்டிய இடம் மட்டும் இருளில் கிடக்கிறது.

இந்த மௌனத்தை ஏட்டில் மட்டுமன்றி மண்ணிலும் காண விரும்புவோர் காரைக்குடிக்குச் சென்று வரலாம். சிவகங்கை மாவட்டத்தின் இப்பகுதியிலிருந்து நகரத்தார் சமூகத்தினர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சென்றனர். அதனைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பது அவர்தம் வழக்கு. 1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் கழனிகளாயின. காட்டைத் திருத்தும் உழவனுக்குக் கடன் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகளோ அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியிற் புகுந்தவர்கள் நம் செட்டிநாட்டார். 1930 அளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. இரங்கூனின் பெருந்தெருக்களில் மட்டுமன்று, சிற்றூர்களிலும் அவை பரவியிருந்தன.

கடை நடத்தும் மேலாளும், அவருக்குத் துணையான அடுத்தாளும், எடுபிடி வேலைக்குரிய பெட்டியடிப் பையனும் பொதுவாக மூன்றாண்டுத் தவணையிற் செல்வர். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று தொல்காப்பியத்தில் உண்டு. அதற்கு உரையாசிரியர்கள் வேறுவேறு பொருள் கூறுவர். எனினும், பொருளதிகாரம் படிக்கும் மாணவர்க்கு அந்நூற்பாவின் நடைமுறை உரையாக நகரத்தார் வாழ்க்கையையே யாம் எடுத்துக்காட்டுவோம். மூன்றாண்டு முடிந்ததும் ஐந்தொகை கட்டி, கணக்கை முதலாளியிடம் ஒப்படைத்து, ஊர் திரும்பி, சிலகாலம் தங்கி, மீண்டும் கப்பலேறுவர். இவ்வாறு வாழ்நாளின் பெரும்பகுதியை வேற்று நாட்டில் கழித்தவரும், அந்நாட்டைப் பொறுத்தவரையில் இறுதிவரை விருந்தாளியாகவே இருந்தார்.

அவர்கள் பர்மாவைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் தெருவை அடைத்து நிற்கும் வீடுகளே அதற்குச் சான்று. வளவின் தூண்கள் பர்மாத் தேக்கு. அரக்குப் பூசிய பர்மிய மரவைகள் இன்றும் அலமாரிகளில் இருக்கின்றன. விருந்தில் இடம்பெறும் கவுனி அரிசி பர்மாத் தொடர்பினால் இங்கு வேரூன்றியது என்பர். இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்சியக் கண்ணாடியும்கூட உண்டு. பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுடைய கண் மிகக் கூர்மையானது. எது நெடுநாள் உழைக்கும், எது விலைபோகும், எது விருந்தினர் முன் வைக்கத்தக்கது என்பதை அக்கண் நொடியில் அறியும். ஆயினும், அவை அனைத்தும் வீட்டிற்குக் கொண்டுவரத்தக்க பொருள்கள். கொண்டுவர முடியாதவை பேரேட்டில் ஏறவில்லை.

பேரேட்டில் ஏறாதவற்றுள் தலையாயது பர்மிய உழவனின் மனம். இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நகரத்தார் நிலம் வேண்டிச் சென்றவர் அல்லர். முதலும் வட்டியும் காசாகத் திரும்புவதையே விரும்பினர். வேற்று நாட்டில் சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால், 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. ஈடாக வைத்த நிலங்கள் கடனுக்குக் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தார் வசம் இருந்தது; 1938க்குள் அது 25 விழுக்காடாயிற்று. எட்டே ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு! ஐந்தொகையில் இது வாராக் கடனின் ஈடு. உரிய முறையில் எழுதப்பட்ட ஒரு வரி. வரப்பில் நின்ற பர்மியனுக்கோ அது பாட்டன் காடுவெட்டித் திருத்திய வயல். ஒரே நிகழ்ச்சி இருவேறு மொழிகளில் இருவேறாக எழுதப்பட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை.

1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியர்க்கும் கலவரம் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. 1938இல் முசுலிம்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. இடையே 1937 ஏப்பிரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான அறிகுறி வேண்டுமா? எனினும், கடைகள் நடந்தன, தவணைகள் தொடர்ந்தன. இதனை நகரத்தார் மேல் மட்டும் ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. இராமநாதபுரம் சீமையின் முசுலிம் குடும்பங்களிலும் இரங்கூன் சென்று வாணிகம் செய்தோர் பலர். அங்கே அவர்கள் எழுப்பிய சூலியாப் பள்ளிவாசலைப் பற்றிப் பெருமையோடு பேசும் முதியோரை யாம் அறிவோம். பக்கத்துவீட்டுப் பர்மியனின் பெயரைச் சொன்னவர் ஒருவரையும் யாம் கண்டதில்லை.

இங்கே, நம் மண்ணுக்கு வந்த வேற்றுநாட்டார் ஒருவரை ஒப்பிட்டுக் காண்பது பொருந்தும். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலங்கையிலிருந்து கடலேறிய இபின் பதூதா, கப்பல் சேதமுற்று மாபார் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுதீன் அவருக்கு மணவழி உறவினர். இருவர் மனைவியரும் உடன்பிறந்தோர். ஒரே சமயத்தவர், உறவினர், விருந்தளித்தவர் என்னும் மூன்று கடப்பாடுகள் இருந்தும், போரில் பிடிபட்டோரின் பெண்டிரையும் பிள்ளைகளையும் அம்மன்னர் கொல்வித்த கொடுமையை இபின் பதூதா தம் பயண நூலில் மறைக்காமல் பதிந்து கண்டித்தார். உண்ட வீட்டின் குற்றத்தை எழுதிய அக்கண், வணிகக் கண்ணினின்றும் வேறானது.

செட்டிநாட்டிலும் அத்தகைய கண்கள் தோன்றாமற் போகவில்லை. கோட்டையூரில் 1911இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார், அதாவது ஏ.கே. செட்டியார், இரங்கூனுக்குச் சென்றது வட்டிக்கடைக்கு அன்று. ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக. பின்னர் சப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றார். காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களை நாடு நாடாகச் சென்று திரட்டி, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ உள்ளிட்ட அவருடைய பயண நூல்களைப் படிப்போர் முதலில் உணர்வது, அவற்றில் ஆசிரியர் தம்மை மிகக் குறைவாகவே காட்டிக்கொள்கிறார் என்பதுதான். சிறு சிறு வாக்கியங்கள். கண்டது, கேட்டது, அவ்வளவே. புகழ்மாலையும் இல்லை, பழிப்புரையும் இல்லை. இந்த அடக்கத்தை நடைச்சிறப்பு என்று மட்டும் கொள்வது போதாது. தன்னை விலக்கிக்கொண்டாலன்றிப் பிறரைக் காண இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே எம் துணிபு. நெற்குப்பையைச் சேர்ந்த சோம.லெ.வும் பயண இலக்கியத்தில் பெரும்பணி ஆற்றியவர். அவரைப் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும்.

மற்றொருவர் சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம். இளமையில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குச் சென்று, போருக்குப்பின் 1946இல் தாயகம் திரும்பியவர். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ புதினத்தில் வட்டிக்கடை வாழ்வின் பேச்சும் பழக்கமும் உள்ளவாறே பதிவாகியுள்ளன. டச்சுப் பெயர் தாங்கிய தெருக்களில் நடக்கும் தலைமகன் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்கள் குறுக்கிடும். அவனோ கடைசியில் இந்தோனேசியரின் விடுதலைப் போரில் சேர்ந்துவிடுகிறான். கொண்டுவிற்கப் போன இடத்தின் துன்பத்தைத் தன் துன்பமாக்கிக்கொண்ட செட்டிநாட்டுச் சீமைத் தமிழன் ஒருவனைத் தேடினால், புதினத்திலேதான் அவன் கிடைக்கிறான்!

பர்மாவின் கதை 1942இல் முறிந்தது. சப்பானியப் படை நெருங்கியதும் இலக்கக்கணக்கான இந்தியர் அசாம் எல்லை நோக்கி நடந்தனர்; பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்நடைப்பயணத்தை நூலாக எழுதி வைத்தார். சங்கப் பாலைத்திணைக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கத்தக்க உரைநடை அது. 1948இல் பர்மா விடுதலை பெற்றது; அவ்வாண்டே நிலம் நாட்டுடைமையாகச் சட்டம் வந்தது. 1962இல் படையாட்சி ஏற்பட்டபின் கடைகளும் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த இந்தியருள் பெருந்தொகையினர் கையில் இருந்ததை வைத்துவிட்டுக் கப்பலேறினர்.

இன்று செட்டிநாடே பிறர் வந்து பார்க்கும் நாடாகிவிட்டது. 2014இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் இவ்வூர்கள் இடம்பெற்றன. வருவோர் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கின்றனர், ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படமெடுக்கின்றனர், காரக்குழம்பை வியக்கின்றனர். பூட்டிய அறைகளையும், ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்பதையும் அவர்கள் அறியார். பழம்பொருட் கடைகளில் மரவைகளுக்கு நடுவே பழைய பேரேடுகளும் விலைக்குக் கிடப்பதை யாம் கண்டோம். வாங்குவோர் அட்டையின் அழகுக்காக வாங்குகின்றனர் என்றார் கடைக்காரர்.

அதே காரைக்குடியில் பர்மாக் காலனி என்றொரு பகுதி உண்டு. 1960களில் சிறுவராய்த் தாயகம் திரும்பியோர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். தமிழோடு பர்மிய மொழியும் நாவில் மிச்சமிருப்போர் அவர்களுள் இருக்கக்கூடும். எம் துறையின் மாணவர்கள் களப்பணிக்குச் செல்லும்போது கோயில், திருமணம், தாலாட்டு என்று வழக்கமான வினாக்களோடு செல்கின்றனர். இவ்வாண்டு வேறு சில வினாக்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். உங்கள் தெருவில் இருந்த பர்மியர் யார் யார்? அவர்கள் வீட்டில் உண்டதுண்டா? அவர்கள் உங்கள் தந்தையை என்ன சொல்லி அழைத்தனர்? நீங்கள் புறப்பட்ட நாளில் வாசலுக்கு வந்தவர் எவர்?