பூவின் நிறமும் மினுக்கமும் தேனீக்கு விடுக்கும் அழைப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கதியால் வேலிகள் அருகி, மதில்கள் பெருகி வருகின்றன. கொழும்புத்துறை போன்ற கரையோர ஊர்களில் பூவரசு வேலியொன்று அகற்றப்படும்போது நாம் இழப்பது நிழலையும் குழையையும் மட்டுமன்று. தேனீக்களை வளவுக்குள் அழைத்து வரும் பூக்களையும் இழக்கின்றோம்.

பூவின் நிறம் மனிதக் கண்ணுக்காக அமைந்ததன்று. தேனீக்கள் நிறங்களை வேறுபடுத்தி அறியும் என்பதை 1914ஆம் ஆண்டில் காள் வொன் பிரிஷ் நிறுவினார். சாம்பல் நிற அட்டைகளுக்கிடையே வைக்கப்பட்ட நீல அட்டையில் சீனிப்பாகு கிடைக்கும் எனப் பழகிய தேனீக்கள், பாகு இல்லாதபோதும் அந்த நீலத்தையே நாடிச் சென்றன. 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் இவரும் ஒருவர்.

தேனீயின் கண் புறஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்று ஒளிப்பகுதிகளை உணர்கின்றது. சிவப்பு அதற்கு ஏறத்தாழக் கருமையே. சிவந்த செவ்வரத்தையைத் தேன்சிட்டு விரும்பி நாடுவதும், தேனீக்கள் மஞ்சள், நீல, வெண்ணிறப் பூக்களை மிகுதியாக மொய்ப்பதும் இதனாலேயே.

நிறத்துக்கு அப்பால் மினுக்கமும் உண்டு. செவ்வரத்தை, பூவரசு, வெண்டி ஆகியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் வெண்பூச் செடியொன்றில் இதழடியிலுள்ள கருஞ்சிவப்புப் பகுதி, பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறி மின்னுகின்றது. இதற்குக் காரணம் சாயமன்று. இதழின் மேற்றோலில், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவு இடைவெளியில் அமைந்த நுண்வரிகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. இம்மினுக்கத்தை அடையாளமாகக் கொண்டு பூவைத் தெரிவுசெய்ய வண்டுத்தேனீக்கள் பழகும் என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2009இல் காட்டினர். அவ்வரிகள் ஒழுங்கற்றிருப்பதால் நீல ஒளிவட்டமொன்று தோன்றி, தேனீக்கள் பூவை விரைவில் கண்டறிய உதவுகின்றது என 2017இல் அறியப்பட்டது.

இந்த அழைப்பு வீண்போனால் இழப்பு நமக்கே. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைத் தேனீ காவிச் செல்லாவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் குவிந்துவிடும். அவ்வேளையில் பூச்சிநாசினி தெளிப்பவர், பூ அழைத்த விருந்தாளியையே கொல்கின்றார்.

மருந்து தவிர்க்கவியலாததாயின், தேனீக்கள் கூடு திரும்பிய மாலைவேளையிலேயே தெளித்தல் வேண்டும். மதில் கட்டுவோரும் அதன் உட்புறத்தே நாலைந்து பூமரங்களுக்கு இடம் விடுதல் நன்று.