உலாவியில் துணைநிரல் நிறுவ இயலாதபோது

வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் உலாவி எனப்படும். தொடக்க காலத்தில் எழுத்தையும் நிலைப்படத்தையும் காட்டுவதோடு அதன் பணி பெரும்பாலும் நின்றுவிட்டது. அசையும் படத்தையும் செய்முறைப் பாடத்தையும் காட்டுவதற்குப் புறத்திலிருந்து துணை தேவைப்பட்டது. அவ்வாறு வந்து சேர்ந்தவையே ஃபிளாஷ், ஜாவா முதலிய செருகுநிரல்கள். இவற்றின் துணைகொண்டு இயங்கும் பாடங்கள் பள்ளிகளில் பல ஆண்டுகள் பயன்பட்டன. இன்று அவற்றைத் திறந்தால் வெற்றிடமே தோன்றுகிறது. குறை கணிப்பொறியில் உள்ளது எனக் கருதி அதனைப் பழுது பார்க்கப் புகுவது வீண் முயற்சியாகும்.

செருகுநிரலும் நீட்சியும்

முதலில் தெளிய வேண்டுவது ஒரு வேறுபாடு. செருகுநிரல் என்பது உலாவியின் காவலுக்குப் பெரிதும் உட்படாமல், கணிப்பொறியில் நேரே இயங்கும் நிரல். இதனால் தீய நிரல்கள் நுழைவதற்கு அது வழியாயிற்று. ஆகவே 2015 செப்டம்பரில் குரோம் உலாவி பழைய செருகுநிரல் முறையை அறவே நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், ஃபிளாஷ் ஒன்றைத் தவிர ஏனையவற்றை விலக்கியது. ஃபிளாஷுக்கு அளித்த ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதவாறும் செய்தது.

நீட்சி என்பது வேறு. உலாவி வகுத்த எல்லைக்குள், அது வழங்கும் அனுமதிகளைக் கொண்டு இயங்குவது அது. இன்று நிறுவத்தக்கது இதுவே.

தடையின் காரணங்கள்

நீட்சி நிறுவப்படாவிடின், கீழ்க்காணும் வரிசையில் ஆராய்வது நலம்.

ஒன்று, கணிப்பொறியின் நாளும் நேரமும். ஒவ்வொரு நீட்சியும் மின்னொப்பமும் சான்றிதழும் கொண்டே வருகிறது. சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. மேசைக் கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உள்ளது. அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றவுடன் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும். அந்நிலையில் பாதுகாப்பான இணைப்பே கிட்டாது. நாளைத் திருத்துவதோடு மின்கலத்தையும் மாற்ற வேண்டும்.

இரண்டு, உலாவியின் பதிப்பு. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளைக் குரோம் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தியது. இதற்கு மாறாக, உலாவியே பழையதாயினும் இடர் நேரும். ஃபயர்ஃபாக்ஸின் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14-இல் காலாவதியாயிற்று. 128-ஆம் பதிப்புக்கு முந்தையவை பாதிப்புக்குள்ளாயின. நீண்டகால ஆதரவுப் பதிப்பில் 115.13-க்கு முந்தையவையும் அவ்வாறே.

மூன்று, நிர்வாகக் கட்டுப்பாடு. அலுவலக, பள்ளிக் கணிப்பொறிகளில் நிர்வாகியின் விதிகள் நிறுவுதலைத் தடுக்கலாம். உலாவி நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்னும் குறிப்பு பட்டியலில் காணப்படின், நிர்வாகியின் இசைவைப் பெறுவதே முறை.

நான்கு, நிறுவியும் இயங்காமை. மறைநிலைச் சாளரத்தில், தனியே அனுமதி அளித்தாலன்றி நீட்சிகள் இயங்கா. ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கினால் முரணுக்குக் காரணமானது புலப்படும்.

பயனர் பிழை அன்று

மேற்கூறியவற்றில் குறை இல்லையெனில், காரணம் வேறிடத்தில் இருக்கலாம். 2019 மே 4-இல் உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள் செயலிழந்தன. புதியனவற்றை நிறுவவும் இயலவில்லை. நீட்சிகளுக்கு ஒப்பமிட மொசில்லா பயன்படுத்திய இடைநிலைச் சான்றிதழின் காலம் முடிந்ததே காரணம். மறுநாள் வெளியான 66.0.4 பதிப்பு இதனைத் திருத்தியது. அவசரப்பட்டு நீட்சிகளை நீக்கினால் அவற்றில் சேமித்த அமைப்புகளை இழக்க நேரிடும்.

எச்சரிக்கை

பாடம் திறக்கவில்லை என்று வலையில் ஃபிளாஷைத் தேடிப் பதிவிறக்குவது பெருந்தீங்கு. ஃபிளாஷ் புதுப்பிப்பு என்னும் போர்வையில் தீநிரல்கள் நெடுங்காலமாகப் பரப்பப்பட்டு வந்துள்ளன. ஒரு கணிப்பொறியில் அவை புகுந்தால், அதிலுள்ள மதிப்பெண் பதிவுகளும் கள ஆய்வுக் குறிப்புகளும் களவு போகலாம். நீட்சிகளை உலாவியின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே பெறவேண்டும்.

பழைய பாடங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரஃபிள் என்னும் இலவச மென்பொருள் பல ஃபிளாஷ் கோப்புகளைச் செருகுநிரலின்றி இயக்குகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம், தன் அறிவியல் மாதிரிகளுள் பலவற்றை உலாவியில் நேரே இயங்கும் வடிவில் மாற்றி அமைத்துள்ளது. புதிய பாடங்களை இம்முறையிலேயே தேர்ந்து கொள்வாராயின், துணைநிரல் தேடி அலையும் தொல்லை ஆசிரியருக்கு நேராது.